அன்னம் கொக்கானதும் கம்ப்யூட்டர் பேசியதும்

போன மாதம் என்னுடைய பழைய லேப்டாப்பைச் சுத்தமாக அழித்துவிட்டு அதில் புதிய ஓ.எஸ். போட்டேன். ஏறி முடிந்ததும், கை தன் பழக்கத்தில், எந்தெந்த உறுப்பு வேலை செய்கிறது என்று காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தது. கோளாறைக் காட்டும் மஞ்சள் குறி ஒன்றுகூட இல்லை. சவுண்ட் வந்திருந்தது. வைஃபை வந்திருந்தது. திரை தன் சரியான அளவில் நின்றது. வேண்டிய டிரைவர்களையெல்லாம் அதுவே தேடி, இறக்கி, போட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால், கல்யாண வீட்டுக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உதவி செய்யப் போனவளை, "எல்லாம் கேட்டரிங்காரங்க பாத்துக்கறாங்க, நீங்க உட்காருங்க" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தது மாதிரி இருந்தது.

நான் திருத்தணியில், கம்ப்யூட்டர் விற்று, பழுதும் பார்க்கிற ஒரு கடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவள். பெயர் வசந்தா. வேலையிலிருந்து நின்ற அன்று, இப்போது கடையை நடத்துகிற பிள்ளைகள் உள்ளறையில் அடுக்கிவைத்திருந்த சிடி பெட்டிகளைக் காட்டி, "இவ்ளோ சிடி இன்னாத்துக்கு மேடம்? இத்தினி வருஷமா இத்த வெச்சிகினு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார்கள். கையில் மாலையும் சால்வையுமாக நின்றபடி ஏதோ இரண்டு வரி சொன்னேன். அது பதில் இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள்ளே மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை உண்டு. சத்தம் வருவது, படம் வருவது, நெட் வருவது எல்லாம் அந்தப் பலகையில் உள்ள சில்லுகளின் வேலை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஓ.எஸ். ஒரு மொழி பேசும், சில்லு வேறு மொழி பேசும். நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் டிரைவர். திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மாமியாருக்குத் தெலுங்கு மட்டும், மருமகளுக்குத் தமிழ் மட்டும் என்றிருக்கும் வீட்டில், இரண்டும் தெரிந்த ஒரு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இருவரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். ஒரு வேலை நடக்காது.

எனக்குச் சொந்த ஊர் கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே தள்ளி. வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன், கல்யாணமாகித் திருத்தணி வந்தேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தினமும் அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய் ஹார்டுவேர் படித்தேன். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பையன்கள் ஸ்குரூடிரைவரை என் கையில் கொடுக்க ஆரம்பிக்கவே பல வாரம் ஆனது. படிப்பு முடிந்த கையோடு ராகவுலு சாருடைய கடைக்குப் போனேன்.

ராகவுலு சாருக்கு நகரி பக்கம் ஊர். கிட்டத்தட்ட என் வயதுதான். என் சான்றிதழைப் பார்க்காமலே மேசைக்குக் கீழே தள்ளிவைத்தார். ஒரு கம்ப்யூட்டரை முன்னால் நகர்த்தி, "இதுல இன்னா போர்டுன்னு சொல்லுங்க" என்றார். பெட்டியின் முகப்பில் பளபளவென்று ஒரு பெயர் ஒட்டியிருந்தது. படித்துச் சொன்னேன்.

"அது வூட்டோட பேருங்க. உள்ள குடியிருக்கிறவரு பேரக் கேட்டேன்."

மதர்போர்டை அவர் கடைசிவரை 'அவர்' என்றுதான் சொல்வார். திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தவர் வேறு கம்பெனி.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கையைக் கழுவித் துடைப்பார். பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொடுவார், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று. டார்ச் அடித்து, பலகையின் மேல் அச்சடித்திருக்கும் பெயரையும் எண்ணையும் எழுத்து எழுத்தாக உரக்கப் படிப்பார். எதிரில் இருக்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "டெல்லி டி-யா, திருத்தணி டி-யா?" "திருத்தணிங்க." "பாம்பே பி-யா, வேலூர் வி-யா?" "வேலூருங்க." வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஏதோ ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கும். ஒரு எழுத்து மாறினால் சிடி மாறும். சிடி மாறினால் வேறு வீட்டு மருமகளுக்கு வேறு வீட்டு மாமியாரோடு பேச ஆள் அனுப்பியதுபோல ஆகிவிடும்.

அடுத்தது வரிசை. ஓ.எஸ். போட்ட கையோடு எல்லோரும் சவுண்டுக்கும் படத்துக்கும்தான் பறப்பார்கள். அவர் முதலில் சிப்செட் டிரைவரைப் போடச் சொல்வார். பலகையில் இருக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் வழி அதன் வழியாகத்தான். "ரோடு போடாம பஸ்ஸ வுடாதீங்க" என்பார். ஒவ்வொன்று போட்ட பிறகும் ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டரே 'தேவையில்லை' என்று சொன்னாலும் அவர் விடமாட்டார். 'இருக்கலாம்' என்ற சொல் கடைக்குள் வரக்கூடாது. "சவுண்டு டிரைவரா இருக்கலாம் சார்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "இருக்கலாமா, இருக்குதா? பாத்துட்டு வந்து சொல்றீங்களாங்க?" என்றார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது. மரியாதை ஏறும். வாக்கியத்துக்கு இரண்டு 'ங்க' விழுந்தால் நாங்கள் உஷாராகிவிடுவோம்.

டிரைவர் இல்லாத உறுப்புக்கு டிவைஸ் மேனேஜரில் ஒரு மஞ்சள் குறி விழும். "ஊர்ல எல்லாருக்கும் மஞ்சள் மங்களம். நம்ம கடைக்கு மட்டும் ஆவாது" என்று சிரிப்பார். ஒரு குறி மிச்சமிருந்தாலும் கம்ப்யூட்டர் கடைவாசலைத் தாண்டாது.

அப்போது இன்னொரு கூத்தும் உண்டு. நெட் வருவதற்கான டிரைவர் இல்லையென்றால் நெட் வராது. அந்த டிரைவரோ நெட்டில்தான் இருக்கும். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து கடைக்கு ஓடிவந்து, இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். எங்கள் ஊரில் ஓடுவது என்றால் பாதி ஓட்டம் மேட்டில்தான். அந்த ஓட்டத்தைக் குறைக்கத்தான் அத்தனை சிடிக்களையும் சேர்த்து வைத்தோம்.

சிரிப்பு வரும் கதை ஒன்று சொல்கிறேன். அம்மையார்குப்பத்தில் பலராமன் என்று ஒரு நெசவாளர். புடவைக் கரைக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தறிக்குத் தயார் செய்கிறவர். அவருடைய கம்ப்யூட்டரில் யாரோ புதிதாக ஓ.எஸ். போட்டுக் கொடுத்து, படத்துக்கான டிரைவரைப் போடாமல் போய்விட்டார்கள். அகலத் திரை. டிரைவர் இல்லாததால் சதுரமான படத்தை இழுத்து அகலமாக்கிக் காட்டியிருக்கிறது. அவர் கரையில் வரைந்த அன்னம், திரையில் தின்று கொழுத்த வாத்து மாதிரி தெரிந்திருக்கிறது.

"நான் இன்னா நெனச்சேன்னா, நம்ம கைதான் தடிச்சுப் போச்சுன்னு நெனச்சேங்க" என்றார், சரிபார்க்க வீட்டுக்குப் போன என்னிடம். "ஒடம்ப எளைக்க வெச்சேன். கழுத்த எளைக்க வெச்சேன். ஸ்கிரீன்ல அழகா வந்துச்சு. தறியில போட்டுப் பாத்தா…"

உள்ளே இருந்து அவர் மனைவி ஒரு புடவையை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். மயில் கழுத்து நிறப் புடவை. கரை முழுக்க வரிசையாக, பசியில் வாடிய கொக்குகள்.

"கல்யாணப் பொடவைங்க இது" என்றார் அந்த அம்மா. "பொண்ணு வூட்டுக்காரங்க அன்னம் கேட்டாங்க. இவரு கொக்க நெய்ஞ்சிகினு வந்து நிக்கறாரு."

நான் பெட்டியைத் திறந்து, பலகையின் பெயரைத் தனியாகவே உரக்கப் படித்து, தனியாகவே திருப்பிச் சொன்னேன். பலராமன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிப்செட், ரீஸ்டார்ட், படத்துக்கான டிரைவர், ரீஸ்டார்ட். திரை ஒரு கணம் இருண்டு திரும்பி வந்தது. அவருடைய பழைய அன்னம், திருத்தாமல் வைத்திருந்தது, அளவாக, கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. பலராமன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "ஏம்மே, என் கை ஒண்ணும் தடிக்கல, பாத்தியா" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்தக் கொக்குப் புடவையைப் பிறகு அந்த அம்மாவே கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் கொக்கென்று கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, நான் எழுத நினைத்த கதை.

அன்று ஆடிக் கிருத்திகை. கிருத்திகையன்று எங்கள் ஊர் எங்கள் ஊராக இருக்காது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தெரு நிறைய மஞ்சள் துணியும் புஷ்பக் காவடியும். தெருமுனைக்குத் தெருமுனை ஒலிபெருக்கி. அப்படிப்பட்ட கூட்டத்துக்குள்ளிருந்து, தோளில் கோணிச் சாக்கு சுற்றிய ஒரு சுமையோடு ஒருவர் எங்கள் கடைப் படியேறினார். அவர் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஒரு பெண்.

"டவுனுக்கு வெளியவே எறக்கி வுட்டுட்டாங்கம்மா. நடந்தே வந்தோம்" என்று சுமையை இறக்கினார். "ஆனா ஒண்ணு. சனங்க நல்லா வழி வுட்டாங்க. காவடின்னு நெனச்சிகினு, அரோகரான்னு வேற சொன்னாங்க. நான் இன்னா சொல்றது? கழுத்துல செபமாலை கெடக்குது. நானும் தலைய ஆட்டிகினே வந்துட்டேன்."

அவர் பெயர் அருளப்பன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் பரம்பரையாக வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், இருக்கிற குடும்பம். சாக்குக்குள் இருந்தது கம்ப்யூட்டர். பின்னால் நின்ற பெண் அவர் மகள் ஜெயசீலி. எம்.ஏ. முடித்தவள். பிறவியிலிருந்தே கண் தெரியாது.

"வாயே தொறக்க மாட்டேங்குதும்மா இது" என்றார் அருளப்பன்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஜெயசீலிதான் விளக்கினாள். அவளுடைய கம்ப்யூட்டரில் திரையைப் படித்துச் சொல்கிற ஒரு மென்பொருள் இருந்தது. திரையில் எது இருந்தாலும் அது குரலாகப் படிக்கும். அதைக் கேட்டுத்தான் அவள் படிப்பாள், எழுதுவாள். வைரஸ் வந்துவிட்டது என்று சொந்தக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு சத்தம் வரவில்லை. இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் 'எல்லா போர்டுக்கும் ஒரே சிடி' என்று விற்கிற ஒரு சிடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறகு, வேறு கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"அடுத்த வாரம் சென்னையில எனக்கு பேங்க் பரீச்சைக்கா" என்றாள். "என் ஃப்ரெண்ட்ஸ்லாம் டைப் பண்ணிக் குடுத்த நோட்ஸு அத்தினியும் இதுக்குள்ளதான் இருக்குது. டி டிரைவ்ல. அழியலன்னு சொன்னாங்க. இருக்குதுன்னு தெரியுது. படிக்க முடியல."

நான் அதுவரை சவுண்ட் டிரைவர் என்றால் பாட்டு கேட்பதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். வேலை மிகுந்த நாளில் அதைக் கடைசியாகப் போடுவேன். சத்தம் இல்லையென்றால் ஒரு கம்ப்யூட்டர் மொத்தமாகவே இல்லாமல் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நீங்க அந்த பெஞ்சுல உட்காருங்க, பாத்துட்டு கூப்பிடறேன்" என்றேன், எல்லோரிடமும் சொல்வதுபோல.

"இல்லக்கா, இங்கயே உட்காந்துகிறேன். நீங்க இன்னா பண்றீங்கன்னு வாயால சொல்லிகினே பண்ணுங்க."

பெட்டியைத் திறந்தோம். ராகவுலு சார் டார்ச் அடித்துப் படித்தார். நான் திருப்பிச் சொல்வதற்கு முன் ஜெயசீலி திருப்பிச் சொன்னாள். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அருளப்பன் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியில் போர்டோடு வந்த சிடி இருந்தது. பெயர் சரியாக இருந்தது. போட்டேன். 'உறுப்பு எதையும் காணவில்லை' என்று சொல்லி நின்றுவிட்டது.

டிவைஸ் மேனேஜரிலோ, முன்னால் போட்ட அந்த 'ஒரே சிடி'யின் புண்ணியத்தில், ஏதேதோ டிரைவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. தவறானதையெல்லாம் நீக்கினேன். சவுண்டு என்ற இடத்தில் ஒரு மஞ்சள் குறி. எங்கள் சிடிக்களில் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை எடுத்துப் போட்டேன். மஞ்சள் போய்விட்டது. 'சரியாக இயங்குகிறது' என்று அதுவே எழுதிக் காட்டியது.

"வந்துடுச்சு!" என்றேன்.

வெளியே ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது என்று ஹெட்போனைச் செருகி ஜெயசீலியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண் தெரியாதவர்களின் முகம் எதிர்பார்ப்பை மறைக்காது. அவள் முகம் அப்படியே ஏறி, நின்று, மெல்ல இறங்கியது.

"இல்லக்கா" என்றாள்.

ராகவுலு சார் என்னைப் பார்த்தார். "வந்துடுச்சுன்னு எத வெச்சிங்க சொன்னீங்க?"

"மஞ்சள் போச்சு சார்."

"மஞ்சள் போனா போதுமாங்க? காதுல கேட்டீங்களாங்க?"

நான்கு 'ங்க'. அந்த முகத்தை இறங்கவைத்துவிட்டோம் என்ற வருத்தம் அவருக்கு என்னைவிட அதிகமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தனியாக ஒரு சவுண்டு கார்டு வாங்கிச் செருகிவிடலாம் என்று யோசித்தார். கடையில் இருப்பு இல்லை. சென்னையிலிருந்து வர வேண்டும். கிருத்திகைக் கூட்டம் கலையும்வரை பார்சல் வண்டி ஊருக்குள் வராது. அதற்குள் அவளுடைய வாரம் போய்விடும்.

மறுபடி டார்ச்சை எடுத்தார். இந்தத் தடவை பெயரைப் பார்க்கவில்லை. பலகையின் ஓரமாகவே வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டு போனார். கார்டு செருகுகிற இடத்துக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, பொடி எழுத்தில் ஒரு எண் இருந்தது. 'ரிவிஷன்' என்று போட்டு, இரண்டு. அட்டைப் பெட்டியிலும் சிடியிலும் ஒன்று என்று இருந்தது.

"பேரு ஒண்ணு, ஆளு வேற" என்றார். அதே பெயரில் கம்பெனி பிறகு செய்த பலகை. சவுண்டு சில்லை மட்டும் வேறு கம்பெனியுடையதாக மாற்றிவிட்டிருக்கிறார்கள். விற்ற கடையில் பழைய பெட்டியில் புதிய பலகையை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

டிவைஸ் மேனேஜரின் உள்ளே, ஒவ்வொரு உறுப்புக்கும் செய்த கம்பெனிக்கு ஒரு எண், சில்லுக்கு ஒரு எண் என்று இருக்கும். அதை நான் படிக்க, எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர் நெட்டில் தேடினார். சில்லு எதுவென்று தெரிந்தது. போர்டு கம்பெனியின் தளத்தில் ரிவிஷன் இரண்டைத் தேர்ந்து டிரைவரை இறக்கினோம். அந்தச் சில்லுக்கு இன்னொன்றும் தேவை என்று அங்கே ஒரு ஓரத்தில் எழுதியிருந்தது. பழைய ஓ.எஸ்.ஸாக இருந்தால், சவுண்டு டிரைவருக்கு முன்னால், அந்தச் சில்லு பேசுகிற பாதையை ஓ.எஸ்.ஸுக்கு அறிமுகம் செய்கிற சின்னக் கோப்பு ஒன்றைப் போட வேண்டும். அதைப் போடாமல் எதைப் போட்டாலும் ஏறும், பேசாது.

"பாத்தீங்களா. மெயின் ரோடு போட்டா பத்தாது. இவருக்குத் தெருவும் போடணும்" என்றார் சார். ஏற்கெனவே குப்பை ஏறிய ஓ.எஸ்.ஸில் இதைச் செய்ய அவருக்கு மனமில்லை. ஓ.எஸ். இருக்கிற சி டிரைவை மட்டும் அழித்து முதலிலிருந்து போடச் சொன்னார்.

ஓ.எஸ். ஏறிக்கொண்டிருந்தபோது அருளப்பன் வெளியே போய், எதிர்ப் பந்தலில் அன்னதானமாகக் கொடுத்த சாம்பார் சாதத்தைத் தொன்னைகளில் வாங்கிவந்தார். "எல்லாருக்கும் குடுக்கறாங்கம்மா. எந்த ஊருன்னுகூட கேக்கல" என்றார். நால்வரும் உள்ளறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். ஜெயசீலி சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள்.

"ஏன்மா, சூடா இருக்குதா?" என்றேன்.

"இல்லக்கா. உள்ள ஹார்டு டிஸ்க்கு ஓடுது பாருங்க, அது கைல தெரியும். இன்னும் ஓடிகினுதான் இருக்குது. முடிஞ்சா நின்னு நெதானமாயிடும்."

நானும் கை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். மாவு மில்லுக்கு வெளியே நின்றால் காலில் ஒரு அதிர்வு வருமே, அதன் குஞ்சு மாதிரி ஒன்று. இத்தனை காலம் நான் அதைத் திரையில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிப்செட். ரீஸ்டார்ட். அந்தத் தெருக் கோப்பு. ரீஸ்டார்ட். சவுண்டு டிரைவர். ரீஸ்டார்ட். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. ஹெட்போனை என் காதில் வைத்து, ஓ.எஸ். திறக்கிற அந்தச் சின்ன இசை வந்ததைக் கேட்டேன். அதன் பிறகுதான் அவளுடைய மென்பொருளை டி டிரைவிலிருந்து ஏற்றி, ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன்.

அவள் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. நான் பயந்துவிட்டேன். ஆனால் அவள் விரல்கள் கீபோர்டில் இறங்கிவிட்டன. சரசரவென்று ஏதோ அழுத்தினாள். திறந்தாள், மூடினாள், கீழே போனாள், மேலே வந்தாள். திரையில் ஜன்னல்கள் பறந்தன. ஹெட்போனின் விளிம்பிலிருந்து கசிந்த குரலைக் கேட்டேன். அவ்வளவு வேகத்தில் அது ஒரு சொல்லாகவே எனக்குக் கேட்கவில்லை. குருவிக் கூட்டம் கத்துகிற மாதிரி இருந்தது. அவளுக்கு அது பொருளாதாரப் பாடம்.

"இருக்குதுக்கா. எல்லாம் அப்படியே இருக்குது" என்றாள், படிப்பதை நிறுத்தாமலே. அருளப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, எங்கள் கடைக் காலண்டரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளம்புகிற நேரத்தில் அவள் கேட்டாள்: "அக்கா, திரும்ப இது போச்சுன்னா? ஒவ்வொரு தரமும் அப்பா தோள்ல தூக்கிகினு வரணுமா? டிரைவர் போடற வரைக்கும் அது பேசாது. பேசாம நான் எப்பிடி டிரைவர் போடறது?"

பீரோ சாவியேதான். ஆனால் இந்தப் பூட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. ராகவுலு சாரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டார். பிறகு, "மானிட்டர ஆஃப் பண்ணுங்க" என்றார்.

டிரைவர் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'எஸ்' எழுத்தும் சேர்த்துத் தட்டினால், சில டிரைவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல், எந்தப் பொத்தானையும் அழுத்தச் சொல்லாமல், தாமாகவே ஏறிக்கொள்ளும். அதற்கு சைலன்ட் இன்ஸ்டால் என்று பெயர். அதைச் சொன்னதும் ஜெயசீலி சிரித்துவிட்டாள். "சத்தம் வர்றதுக்கு சைலன்ட்டாக்கா?"

டிரைவர்களை டி டிரைவில் சின்னப் பெயர்களில் வைத்தோம். இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் கீக்குப் பிறகு எந்தக் கீ என்று நான் முதலில் என் கையாலேயே பழகினேன். கண்ணை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பது அத்தனை சுலபமில்லை. இரண்டு தடவை மானிட்டரை ஆன் பண்ணிப் பார்த்துவிட்டேன். சார் மானிட்டரின் ஒயரையே பிடுங்கினார். பிறகு ஜெயசீலியை உட்காரவைத்தோம். போட்ட சவுண்டு டிரைவரையும் தெருக் கோப்பையும் நீக்கிவிட்டு அவளையே போடச் சொன்னோம். முதல் தடவை, ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தட்டிவிட்டாள். அடுத்த தடவை ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் மேல் கையை வைத்து, அதிர்வு அடங்கும்வரை காத்திருந்தாள். பேசியது.

கிருத்திகைக்குப் பிறகு, சார் அவளுக்காக ஒரு சிடி தயார் செய்தார். போட்டுவிட்டால், ஓ.எஸ்.ஸும் எதையும் கேட்காமல் தானே ஏறி, தானே டிரைவர்களை வரிசையாகப் போட்டு, கடைசியில் அவளுடைய மென்பொருளையும் எழுப்பிவிடும். பல நாள் வேலை. எத்தனையோ தடவை பாதியில் நின்றது. "இது இவருக்கு மட்டும்தாங்க. வேற பலகைக்குப் போடாதீங்க" என்று சொல்லி, கை வைத்தால் தெரியும்படி உறையில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அவர் இப்போது நகரியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் இன்றும் முதலில் கேட்பது, "இன்னா போர்டுங்க?"

ஜெயசீலி பிற்பாடு தேர்வாகி, வேலூர் பக்கம் ஒரு வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, அதற்கு முன்னால் ஒரு நாள். முதல் பரீட்சையின் முடிவு வந்து கொஞ்ச நாள் கழித்து, தனியாக, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"பாஸ் ஆவலக்கா" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்ததும். "கொஞ்சத்துல போச்சு."

டீ சொன்னேன். கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று சார் கேட்டார்.

"ஆங், நல்லா இருக்குது சார். நடுவுல ஒரு தரம் நானே எல்லாத்தையும் அழிச்சிட்டு, உங்க சிடிய வெச்சி திரும்பப் போட்டேன்."

"ஏங்க, வைரஸா?"

"இல்ல சார். சும்மா."

"சும்மாவா?" என்றேன் நான்.

அவள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ரிசல்ட்டு வந்த அன்னிக்கு வூட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிகினு இருந்தாங்க. நான் உள்ள போயி கதவ சாத்திகினு சிடிய போட்டேன். கைய பெட்டி மேல வெச்சிகினு உட்காந்திருந்தேன். ஓடுது, நிக்குது, ஓடுது. கடைசி ரீஸ்டார்ட்டு ஆகும்போது, பேசுமா பேசாதான்னு தெரியாது பாருங்க, அப்போகூட கைய எடுக்கல. அப்புறம் பேசுச்சு." டீயை ஒரு வாய் குடித்தாள். "யாரும் வந்து செஞ்சு குடுக்கல. நானே பேச வெச்சேன்கா. அப்புறம்தான் அடுத்த பரீச்சைக்கு அப்ளை பண்ணேன்."

டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைக்கிற இடத்தைத் தானே தடவிப் பார்த்து வைத்துவிட்டு, ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். நான் துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கடைவாசலில் நின்று, அவள் கோல் தட்டுகிற சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.